விலக்கும் கடமையும்

"பேரனுக்குச் சளி. தட்டம்மை ஊசியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் நண்பர். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல் என்றால் தணியும்வரை பொறுக்கலாம்.

அவர் வீட்டு மாடியில் ஒரு சிறுமி. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவள். அந்த ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி. சிகிச்சைக் காலத்தில் அவள் உடல் அதையும் தாங்காது. கருவுற்ற பெண்ணுக்கும், முன்பு அதே ஊசியால் கடும் ஒவ்வாமை கண்டவருக்கும் அது ஆகாது. ஒன்பது மாதம் நிரம்பாத பிள்ளைக்கும் நம் நாட்டில் வழக்கமாகப் போடுவதில்லை.

இவர்களுக்குக் கிடைத்த விலக்கு ஒரு சலுகையா? கவசமின்றிக் களத்தில் நிற்பவனைக் கொடுத்துவைத்தவன் என்போமா? சுற்றியிருப்போர் போட்டுக்கொண்டால்தான் நோய் இவர்கள் வாசலை எட்டாது. பெரியம்மை ஊசியும் கரப்பான் உள்ளவர்களுக்கு ஆகாது என்றுதான் அன்று விலக்கியிருந்தார்கள். ஆயினும், அந்நோய் ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அவர்களும் அல்லவா விடுதலை பெற்றார்கள்!

முடியாதவர் விலகலாம், முடிந்தவரும் விலகினால், அந்தச் சுமை முடியாதவர் தலையில் அல்லவா விழும்? இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். மாடியில் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் பேரனின் சட்டையைத் தேட எழுந்தார்.