குணமான குதிரை எங்கே போகும்?

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக ஓடுகிறது. போர்க் காட்சிகளில் வீரர்களோடு யானைகளும் குதிரைகளும் முட்டி மோதுகின்றன. இவ்விரண்டுக்கும் மருத்துவர்கள் வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமே சொல்கிறது. அதை இரக்கம் என்பதைவிட முதலீட்டைக் காக்கும் கணக்கு என்பதே பொருந்தும். போருக்குப் பழகிய யானை செத்தால், இன்னொன்றைப் பிடித்துப் பழக்குவது லேசான வேலையல்ல.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். அக்காலப் படைகளின் பீரங்கிகளை இழுத்தவை மாடுகள். வரலாற்று நூல்களில் அவை பெரும்பாலும் தளவாடக் கணக்கில்தான் வருகின்றன.

1864-இன் ஜெனீவா ஒப்பந்தம் காயமடைந்த வீரருக்குப் பாதுகாப்பு தந்தது. அவர் ஏறிவந்த குதிரையைப் பற்றி அதில் பேச்சில்லை. கால் முறிந்த குதிரைக்குத் துப்பாக்கிக் குண்டுதான் வைத்தியம். 1912-இல் பால்கன் போர்க் குதிரைகளுக்காக பிரிட்டனில் புளூ கிராஸ் நிதி தொடங்கியபோது, போர் விலங்குகளின் சிகிச்சைக்குப் பொதுமக்கள் பணம் வந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவமனைகள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் தேற்றின. குண்டுக் காயத்தைவிடக் குளிரும் சேறும் சொறிநோயும் களைப்பும்தான் அவற்றை அதிகம் வாட்டின. தேறியவை பெரும்பாலும் மறுபடி போர் வேலைக்கே போயின. சிகிச்சையின் பலன் யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

அதற்கு வேறொரு பதில் கெய்ரோவில் கிடைத்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகள், 1930-இல் டோரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே போனபோது, எலும்பும் தோலுமாகக் கல்லும் வண்டியும் இழுத்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டு லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சில ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவற்றுக்கு அவரால் தர முடிந்தது சில நாள் தீனியும் நிழலும் வலியில்லாத சாவும்தான். இனி எந்த வேலைக்கும் உதவாத விலங்குக்குச் செய்தது என்பதால், இந்த வரலாற்றில் கணக்குப் பார்க்காத பரிவு என்று தயங்காமல் சொல்லத்தக்கது இதுவே. 1934-இல் அவர் தொடங்கிய மருத்துவமனை பின்னர் உழைக்கும் குதிரை, கழுதைகளுக்கான உலக அமைப்பாக வளர்ந்தது.

இந்திய ராணுவத்தில் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பு குதிரை, கால்நடை மருத்துவப் படைப்பிரிவினுடையது. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்தில் இரண்டு குண்டுகள் பாய்ந்த ‘ஜூம்’ என்ற ராணுவ நாய்க்கு ஸ்ரீநகரின் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. 13-ஆம் தேதி அது இறந்தது. ராணுவம் அதற்கு மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தியது.