விடியலை வேண்டும் விடைபெறல்

நைஜீரியாவின் தென்கிழக்கே, ஒனிட்சாவிலோ எனுகுவிலோ போய் இறங்கும் பயணிக்கு முதல் நாளைச் சமாளிக்க நான்கைந்து சொற்கள் போதும். வந்தவரை ‘ன்னோ’ என்று வரவேற்பார்கள். ‘கெதூ’ என்றால் நலமா. ‘பிக்கோ’ என்றால் தயவுசெய்து. நன்றிக்கு ‘டாலு’ உண்டு, ‘இமேலா’வும் உண்டு. இக்போ மொழியின் இந்தச் சொற்களை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

இரவு விடைபெறும் நேரம் வந்ததும் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. அப்போது ‘கா சி ஃபோ’ என்கிறார்கள். நடுவில் உள்ள ‘சி’யைப் ‘பச்சை’யில் வரும் சகரம்போல உச்சரிக்க வேண்டும். ‘பொழுது விடியட்டும்’ என்பது முழுத்தொடரின் பொருள். காலை வணக்கமான ‘இ போலா சி’யிலும் அதே ‘சி’ இருக்கிறது.

விடியலைச் சுட்டும் இந்தச் ‘சி’க்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒவ்வொரு மனிதருக்கும் ஆவியுலகில் துணையாக நிற்கும் தனித்தெய்வமும் ‘சி’தான். ஊருக்கோ குலத்துக்கோ பொதுவான தெய்வம் அன்று அது. ஒருவருடைய சி இன்னொருவருக்கு ஆகாது. இரண்டும் ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒத்தவையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அப்படியானால் வாழ்க்கை யார் கையில் இருக்கிறது?

‘ஒன்யே க்வே, சி யா எக்வே’ என்பது இக்போ மக்களிடையே புழங்கும் பழமொழி. மனிதர் ஆம் என்றால் அவருடைய சியும் ஆம் என்னும். முதல் சொல் மனிதருடையது, தெய்வம் பின்னால் வருகிறது. ஆனால் அதே மக்கள் ஒரு மல்லனின் கதையும் சொல்கிறார்கள். மண்ணுலகில் எல்லோரையும் வீழ்த்தியவன் ஆவியுலகம் சென்று அங்கும் எல்லோரையும் சாய்க்கிறான். திரும்பிப் போ என்று சொன்னால் கேட்பதில்லை. கடைசியில் அவனுடைய சி வருகிறது. மெலிந்த, சின்ன உருவம். ஒரே விரலால் அவனைத் தூக்கி அடித்துவிடுகிறது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் 1958ஆம் ஆண்டு நாவல், தமிழில் ‘சிதைவுகள்’, இந்த இரண்டுக்கும் நடுவேதான் நடக்கிறது. அதன் நாயகன் ஒகொன்க்வோ உழைப்பால் எழுந்தபோது அவன் சியும் இசைந்தது என்கிறது ஊர். ஏழாண்டு நாடுகடத்தலில் அவனே அந்தப் பழமொழியைச் சந்தேகிக்கிறான்.

ஆகவே சியை ‘விதி’ என்றோ ‘தலையெழுத்து’ என்றோ பெயர்த்தால் பாதி கைநழுவிப் போகும். எழுதி முடித்த எழுத்தோடு யாரும் பேச முடியாது. சியோடு பேசலாம், உழைப்பைக் காட்டி இணங்க வைக்கலாம். அதை மிதித்துப் போக மட்டும் முடியாது.

1857இல் பாதிரியார் சாமுவேல் அஜாயி க்ரௌதரின் குழு ஒனிட்சாவில் கிறிஸ்தவப் பணியைத் தொடங்கியது. கிறிஸ்தவக் கடவுளுக்கும் ‘சி’ என்ற இந்தச் சொல்லே தேவைப்பட்டது. ‘சுக்வு’ என்றால் பெரிய சி. ‘சினெகே’யை, அதாவது ‘சி நா எகே’யை, ‘படைக்கும் சி’ என்று கொண்டார்கள். நடுவில் வரும் ‘நா’வின் தொனியை மாற்றினால் அது ‘சியும் எகேயும்’ என இரு தெய்வங்களாகிவிடும் என்று ஆச்சிபி ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். தொனியால் பொருள் மாறும் மொழி இது. ‘அக்வா’ என்ற ஒன்றே தொனிக்கேற்ப அழுகை, துணி, முட்டை, கட்டில் எனப் பிரியும். ஏட்டில் படித்ததோடு நிற்காமல் உள்ளூர்க்காரர் சொல்லக் கேட்டுப் பழகுவது பயணிக்கு நல்லது.

இன்றும் ‘சிடி’ (கடவுள் இருக்கிறார்), ‘சிமமாண்டா’ (என் கடவுள் வீழமாட்டார்) என்று பெயர் வைக்கிறார்கள். 1930இல் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த ஆச்சிபியின் முழுப்பெயர் ஆல்பர்ட் சினுவாலுமோகு. ‘எனக்காகக் கடவுள் போராடட்டும்’ என்பது இரண்டாம் பெயரின் பொருள். பல்கலைக்கழக நாட்களில் அவர் ஆல்பர்ட்டை விட்டுவிட்டு, சியைத் தாங்கிய பெயரையே வைத்துக்கொண்டார்.