காட்சியும் அனுமானமும்

பிரெஞ்சு வைத்தியர் பலோ 1888 இல் விவரித்த பிறவி இதயநோயில் நான்கு குறைபாடுகள் ஒருங்கே அமைந்துள்ளன. சிறுவயதிற் சத்திரசிகிச்சை பெற்றோர் பலருக்குப் பிற்காலத்தில் நுரையீரல் நாடி வால்வு கசியும். வலது இதயவறை விரிவடையும். புதிய வால்வை எப்பொழுது பொருத்துவது? முந்தினால் அவ்வால்வும் தேய்ந்து மீண்டும் நெஞ்சைத் திறக்க நேரலாம்; பிந்தினால் அறையின் வலு மீளாது போகலாம்.

எதிரொலிப் படம் வால்வின் அசைவைக் காட்டும்; காந்தப் பரிவுப் படம் அறையின் கனவளவைத் தரும்; கணினி வெட்டுமுகப் படம் நாடிகளின் போக்கைக் காட்டுமாயினும் எக்ஸ் கதிரைப் பிள்ளையின் உடலிற் செலுத்தும். இவற்றைப் பொருத்திக் கணினி முப்பரிமாண உருவொன்றை ஆக்குகின்றது. காணும் பெற்றோர் தம் பிள்ளையின் இதயத்தையே கண்டதாகக் கருதுவர்.

தருக்க நூலார் மொழியிற் கேட்பின், அது காட்சியா, அனுமானமா? காந்தப் பரிவுப் படம் பெரும்பாலும் பல துடிப்புகளிற் சேகரித்த தரவுகளை ஒரு துடிப்பாகத் தொகுப்பது. அத்துடிப்பு ஒருபோதும் நிகழ்ந்ததன்று. எதிரொலிப் படமோ வேறொரு வேளையில், பிள்ளை விழித்திருக்க எடுக்கப்பட்டதாயிருக்கலாம். ஆகவே கூட்டுருவம் எக்கணத்திலும் இருந்திராத இதயமொன்றின் உருவம். பயனற்றது என்பதன்று, அறியும் வழி வேறில்லை. எனினும் படங்கள் முரண்படுமிடத்து அம்முரணும் ஓர் அறிவே. வழுவழுப்பான உருவம் அதனை மெழுகிவிடுகின்றது.

இசைவு கேட்கும் வைத்தியர், படங்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். பெற்றோர் அஞ்சுவர் என்பது வழக்கமான மறுப்பு. அஞ்சத்தான் செய்வர், ஆயினும் இசைவுப் பத்திரத்திற் கையொப்பமிடுபவர் அவர்களல்லரோ?