வயிறும் வனமும்

உழைத்து உண்பது அறம். அவ்வுழைப்பே பிற உயிர்களின் உறைவிடத்தை அழிக்குமாயின், அதனை அறமென்று கொள்வதா, அன்றென்று தள்ளுவதா? தம்பின் வட்டாரத்தைக் காண்போர் உள்ளத்தில் இவ்வினா எழாமல் இராது. ஒருபுறம் காடு போர்த்த தம்பின் மலை. மறுபுறம் வரிசை பிறழாது நிற்கும் ரப்பரும் செம்பனையும். மலையில் உள்ளது இயற்கை விதைத்தது. தோட்டத்தில் உள்ளது மனிதன் நட்டது.

1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பரை, 1896இல் அண்டை மாநிலமான மலாக்காவில் டான் சாய் யான் வணிகப் பயிராக வளர்த்தார். அதன்பின் காடுகள் பல தோட்டங்களாயின. அக்காடுகளை வெட்டிச் சாய்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் இருந்தனர். எனினும், எதை அழிப்பது, எதை நடுவது என முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. கோடரி அவர்கள் கையில் இருந்தது. கணக்கேடு வேறொருவர் கையில் இருந்தது. ஆகவே, முழுப்பழியையும் அவர்கள் தலையில் சுமத்துதல் முறையன்று.

ஆயினும், இழப்பு இழப்பே. அதன் அளவை அதே நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனக் காப்பகம் உணர்த்தும். 1980களில் அங்கு 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, சிறு கன்றுகள் உட்பட மரங்களை ஆய்வாளர்கள் எண்ணினர். ஏறத்தாழ 335,000 மரங்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள். அதே பரப்புள்ள செம்பனைத் தோட்டத்தில் நடப்படும் மர இனமோ ஒன்றே ஒன்று.

காட்டின் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் கடமை முடிந்துவிடுமா? அதற்கும் பாசோவே விடை தருகிறது. அக்காட்டைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் உதிரும் செம்பனைப் பழங்களைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகின. குட்டி ஈனுமுன் அவை இளங்கன்றுகளை முறித்துப் படுக்கை அமைக்கின்றன. கோடரி படாமலே நாளைய காடு தேய்கிறது.

தோட்டமும் தனித்து வாழ்வதன்று. செம்பனைப் பூக்களில் மகரந்தத்தைத் தொழிலாளர் கையால் தூவிய காலம் ஒன்றிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட சிறு கூன்வண்டு அப்பணியை ஏற்றது. ஒரு பெருந்தொழிலே ஒரு சிற்றுயிரை நம்பி நிற்கிறது! மறுபுறம், களையழிக்கத் தெளித்த பாராகுவாட் நஞ்சு, தெளித்த பெண்களின் உடலையும் வருத்தியது. 2020இல்தான் மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. மண்ணுக்கு இழைக்கும் தீங்கு முதலில் சென்று சேர்வது ஏழையின் உடலைத்தான்.

வயிறா, வனமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே பிழை. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுக்கையில் உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு தொழிலையும் சேர்த்தே வைத்தார். மனிதனின் தொழில் நிலத்துக்கு வெளியே நிற்பதன்று. மரமும் பறவையும் அமர்ந்த அதே பந்தியில் அமர்வது. பந்தியில் ஒருவனே அனைத்தையும் உண்டால் அது விருந்தாகாது.

ஆகவே, வளர்ச்சி வேண்டாமென்பது அறமன்று. எல்லையற்ற வளர்ச்சியும் அறமன்று. ஆற்றோரக் காட்டை விட்டுவைத்தல், செங்குத்தான சரிவுகளை வெட்டாதிருத்தல், மண்ணைக் காக்கும் பயற்றினக் கொடிகளைப் படரவிடுதல் ஆகியவை தோட்டங்களால் இயலாதவை அல்ல. இவற்றால் குறையும் வருவாயை யார் ஏற்பது? நிலத்தால் மிகுதியும் பயன் பெற்றவர் மிகுதியும் ஏற்றலே நீதி. கூலியைக் குறைத்துக் காட்டைக் காப்பது, ஓர் உயிரை வருத்தி மற்றோர் உயிரைப் பேணுவதாகும்.

நிழல் தந்த மரத்தை நட்டவரை அறியாமலே வழிப்போக்கர் இளைப்பாறுகின்றனர். இனிப் பிறக்கப் போகும் குழந்தைகளும் அத்தகைய வழிப்போக்கரே. அவர்கள் வரும் வேளையில் தம்பின் மலை பசுமையாய் நிற்கவேண்டும்; அதன் அடிவாரத்தில் உழைப்போர் வீட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.