ஊர்க் குறையைக் கதையில் படிக்கலாமா?

கதைப் புத்தகம் படிப்பது வீண் வேலை என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் என்றும் உண்டு. ஆயுளோ குறுகியது, மறுமைக்குச் சேர்க்க வேண்டியதோ நிறைய, நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் படித்துக் கொண்டிருப்பது எதற்கு என்று அவர்கள் கேட்பதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் இருக்கிறது. நம் சமுதாயத்தின் குறைகளை எடுத்துச் சொல்லும் கதைகளை நாம் படிக்கலாமா? அது ஊராரைப் பற்றிய புறத்தை உட்கார்ந்து கேட்பது போல் ஆகிவிடாதா? புறம் பேசுவது மட்டுமல்ல, அதற்குக் காது கொடுப்பதும் பாவம் என்று அறிந்த வீடுகளில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

முதலில் பொய் என்ற குற்றச்சாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பொய் என்பது கேட்பவரை நம்ப வைத்து ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. கதையிலோ, இது கற்பனை என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஏமாந்தவர் எவருமில்லாத இடத்தில் பொய் எங்கே இருக்கிறது? நரியும் சிங்கமும் பேசுவதாகச் சொல்லும் கலீலா வ திம்னா என்ற நூல் எட்டாம் நூற்றாண்டிலேயே அரபு மொழிக்கு வந்து, முஸ்லிம் உலகமெங்கும் படிக்கப்பட்டது. விலங்குகள் பேசியதாகப் பொய் சொல்லிவிட்டார் என்று அதை எழுதியவர் மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

புறம் என்ற கேள்விதான் கனமானது. இதில் நமக்கு வழிகாட்ட நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் நடைமுறையே இருக்கிறது. ஒருவரிடம் தவறு கண்டால், பலர் முன்னிலையில் அவருடைய பெயரைச் சொல்லிக் கண்டிப்பது அவர்களுடைய வழக்கம் அல்ல. சிலர் இப்படிச் செய்கிறார்களே, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பொதுவாகக் கேட்பார்கள். தவறு செய்தவர் தமக்குள் உணர்ந்து கொள்வார். தவறு செய்யாதவரும், நாம் அப்படி இல்லையே என்று தம்மை ஒருமுறை சோதித்துப் பார்த்துக் கொள்வார். ஒருவருடைய மானமும் போகவில்லை, சபை முழுவதற்கும் பாடமும் கிடைத்துவிட்டது.

அவர்கள் எடுத்துரைத்த முந்தைய சமுதாயத்தாரின் வரலாறுகளையும் நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிட்டு, தனக்கு மன்னிப்பு உண்டா என்று தேடி அலைந்த மனிதனின் பெயர் என்ன? நமக்குச் சொல்லப்படவில்லை. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டு வந்தவர் யார்? தெரியாது. இவை கற்பனைகள் அல்ல, நடந்தவை. ஆயினும் பெயர் மறைக்கப்பட்டிருப்பதில் ஓர் அருமை இருக்கிறது. பெயர் இருந்தால் அது இன்னொருவருடைய செய்தி. பெயர் இல்லாதபோது அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். அந்தக் கொலைகாரன் தவ்பாவை நாடி நடந்த வழியில் இறந்து போனான் என்று கேட்கும்போது, அவனுக்கு மன்னிப்புக் கிடைக்க வேண்டுமே என்று நம் உள்ளம் துடிக்கிறது அல்லவா? தெருவில் ஒரு கொலைகாரனைக் கண்டால் நாம் அப்படித் துடிப்போமா?

இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் இஹ்யாவில் நாவினால் விளையும் கேடுகளைப் பற்றி எழுதுகையில், குறிப்பிட்ட ஒரு மனிதரைத் தொட்டுப் பேசுவதுதான் புறம் என்றும், ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது புறமாகாது என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஆனால் கேட்பவருக்கு ஆள் இன்னார் என்று புரிந்துவிட்டால் அதுவும் புறமே. இந்தப் பின்குறிப்பை நாம் மறந்துவிடக் கூடாது. சற்றுப் பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்திய மதரஸாக்கள் பலவற்றில் அரபு இலக்கியப் பாடமாக ஓதப்பட்டு வரும் நூல் ஹரீரியின் மகாமாத். பஸராவைச் சேர்ந்த ஹரீரி 1122ஆம் ஆண்டு மறைந்தவர். ஐம்பது மகாமாக்கள் கொண்ட அந்த நூலின் நாயகன் அபூ ஸைத் ஒரு நாவன்மை மிக்க எத்தன். முதல் மகாமாவிலேயே அவன் மக்கள் கூட்டத்தின் நடுவே நின்று மரணத்தையும் கப்ரையும் நினைவூட்டி உருக்கமாக உபதேசம் செய்கிறான். கேட்டவர்கள் நெகிழ்ந்து காசை அள்ளிக் கொடுக்கிறார்கள். கதை சொல்லும் ஹாரிஸ் அவன் அறியாமல் பின்தொடர்ந்து போய் ஒரு குகையில் பார்த்தால், நல்ல ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டி இறைச்சியும் பக்கத்தில் மதுப் பாத்திரமுமாக அவன் உட்கார்ந்திருக்கிறான்!

நாளைக்கு மிம்பரில் ஏறப் போகும் மாணவர்களுக்கு இதைப் பாடமாக வைத்தவர்கள் உலமாக்கள். உபதேசிகளின் கூட்டத்தையே ஹரீரி இழிவுபடுத்திவிட்டார் என்று அவர்கள் நூலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சொல்வளத்துக்காகவே அதை ஓதுகிறோம் என்று சொல்லலாம், அது உண்மையே. ஆனால் அந்தக் குகைக் காட்சியைப் படித்த மாணவன், பிற்காலத்தில் தன் பேச்சைக் கேட்டு ஒரு கூட்டம் அழும்போது, ஒரு கணமாவது அபூ ஸைதை நினைக்காமல் இருப்பானா?

நம் தமிழுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து 1988இல் நூலானது. குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில் பிறந்து, மலையாளத்தில் கல்வி கற்று, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர் அவர். அந்தக் கதையில் அகமது கண்ணு முதலாளியின் சொல்லுக்கு ஊரே அடங்கிக் கிடக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது என்றதும் மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்புக் கிளம்புகிறது. தங்கள் என்று மக்கள் நம்பி மதிக்கும் ஒருவர் அந்த நம்பிக்கையையே பிழைப்பாக்கிக் கொள்கிறார். படித்தவர்களில் மனம் புழுங்கியவர்கள் உண்டு. வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டலாமா, பிற சமயத்தவர் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கேள்வியை இன்றும் கேட்கலாம்.

கவலை புரிகிறது. ஆனால் குப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதால் வீடு சுத்தமாகிவிடுமா? பிற சமயத்தவரைப் பற்றி ஒன்று சொல்லலாம். நம்மைப் புகழ்ந்து நாமே எழுதியதை அவர்கள் படிக்கப் போவதில்லை. நம்மை இகழ்ந்து பிறர் எழுதியதை மட்டுமே படித்தவர்களும் உண்டு. இந்தக் கதையைப் படிக்கும் ஒருவர் அகமது கண்ணு முதலாளியிடம் தம் ஊர்ப் பண்ணையாரைக் கண்டுகொள்கிறார். அடங்கிக் கிடக்கும் ஏழைகளிடம் தம் ஊர் ஏழைகளைக் காண்கிறார். அண்டை வீட்டார் நம்மைத் தம்மைப் போன்ற மனிதர் என்று அறிந்து கொள்வது சாதாரண லாபமா? அதே ஆசிரியரின் 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எவரும் அதனால் இஸ்லாத்தைத் தாழ்வாக எண்ணிவிட்டதாகத் தெரியவில்லை.

சமுதாயத்தைச் சீர்திருத்த வந்தவர்களே கதையையும் கையில் எடுத்திருக்கிறார்கள். கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் காண உழைத்தார். 1885இல் 'அஸன்பே' கதையையும் எழுதி வெளியிட்டார். பள்ளிக்கூடத்துக்காக ஓடிய மனிதர் நாவல் எழுத நேரம் ஒதுக்கியது பொழுது போகாமலா?

இனி இமாம் அவர்களின் பின்குறிப்புக்கு வருவோம். கதாசிரியர் பெயர் சொல்லாமல் எழுதிவிட்டார். ஆனால் படிக்கும் நாம் என்ன செய்கிறோம்? "இது நம் மேலத்தெருக்காரரை அப்படியே எழுதியிருக்கிறது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரித்தால், அந்த நொடியே கதை புறமாகிவிடுகிறது. அந்தப் பாவம் எழுதியவருடையதல்ல, நம்முடையது. அதே பக்கத்தைப் படித்துவிட்டு, என் கடையில் வேலை பார்க்கும் பையனிடம் நானும் இப்படித்தானே பேசுகிறேன் என்று ஒருவர் நினைத்தால், அதுவே முஹாஸபா. நூல் ஒன்றுதான், யாருடைய முகத்தை அதில் தேடுகிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. நிறையப் படித்தும் நெஞ்சம் இளகாதவர்கள் இருப்பதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். ஆசையைக் கிளறுவதற்கென்றே அச்சாகும் கதைகளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அவற்றை வீட்டுக்குள் விடாதிருக்க யாருடைய ஆலோசனையும் தேவைப்படாது.

முன்பெல்லாம் நம் பெண்கள் கிஸ்ஸாவும் மசலாவும் மாலையும் கூடியிருந்து படித்தார்கள். அரபுத்தமிழ் எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிப்பார்; மற்றவர்கள் கேட்பார்கள்; நடுவே கேள்வி வரும், பதில் வரும், சில சமயம் சண்டையும் வரும். நூறு மசலாவில் அரசிளங்குமரி தொடுக்கும் கேள்விகளுக்கு விடை வருவதற்குள் கேட்பவர்கள் தாமே ஒரு விடை சொல்லிப் பார்ப்பார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. ஒரே கூடத்தில் நான்கு பேர் நான்கு திசையில் படிக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது ஒருவர் படிக்க மற்றவர் கேட்டால் என்ன? பள்ளிக்கூடம் கூடாது என்று முதலாளி சொன்னபோது ஊரில் முக்கால்வாசிப் பேர் ஏன் வாய் மூடி நின்றார்கள் என்று மகள் கேட்பாள். அவர்கள் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. அன்று அந்த ஊரில் நாம் இருந்திருந்தால், வாப்பா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று அவள் அடுத்துக் கேட்பாள்.