கடுகும் மலையும்

சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சிபுரம் சித்திரகுப்தன் கோயிலுக்குப் பாட்டி என்னைக் கூட்டிப்போவாள். எழுத்தாணியும் ஏடுமாக அமர்ந்திருக்கும் அந்த எமலோகக் கணக்கரிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: நான் செய்த மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது.

பின்னாளில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் தகவல் அலுவலகத்தில் சேர்ந்தேன். வீரர்களைப் பற்றிச் செய்தி எழுதுவது, நிருபர்களுக்குப் பேட்டி ஏற்பாடு செய்வது, புள்ளிவிவரம் பதிவது என் வேலை. கடுகை மலையாக்க இந்தத் தொழிலில் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். 1970இல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலர் ரோஜர் வால்டிசெரி, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ தீஸ்மனின் குடும்பப் பெயரையே ‘தைஸ்மன்’ என்று சொல்லவைத்தார். கல்லூரிக் கால்பந்தின் ஹைஸ்மன் விருதோடு எதுகை சேரவேண்டுமே! விருது ஸ்டான்ஃபோர்டின் ஜிம் பிளங்கெட்டுக்குப் போயிற்று. மாற்றிய உச்சரிப்பு நிலைத்துவிட்டது.

பேஸ்பால் ஆட்டத்தில் ஸ்கோரராக உட்காருவதும் என் பொறுப்பு. கிரிக்கெட்டில் கோட்டைவிட்ட கேட்ச் ஸ்கோர் அட்டையில் ஏறாது. பேஸ்பாலில், சாதாரண முயற்சியில் எடுத்திருக்கவேண்டிய பந்தை விட்டால், விட்டவன் பெயரில் ‘எரர்’ என்று ஏறும். அது எரரா, அடித்தவன் சம்பாதித்த ‘ஹிட்’டா என்று முடிவுசெய்பவர் ஸ்கோரர்.

ஒருநாள் இரண்டு பேர் அவுட்டான நிலையில், நேராக வந்த தரைப்பந்தை ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற எங்கள் பையன் கையுறைக்கு அடியில் விட்டான். எடுத்திருந்தால் மூன்றாவது அவுட்டோடு எதிரணியின் முறை முடிந்திருக்கும். எரர் என்று பதிந்தேன். அடுத்து வந்தவன் ஹோம் ரன் அடித்தான்; எதிரணிக்கு இரண்டு ரன். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வந்தார். “அதை ஹிட் ஆக்கிவிடு. ஸ்கவுட்கள் பார்க்கிறார்கள். பையனுடைய எதிர்காலம்” என்றார். அவர் குரலில் இருந்தது பாசம்தான்.

மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். எரர் என்றால் அந்த இரண்டு ரன்னும் பந்தெறிந்தவன் சராசரியில் சேராது. ஹிட் என்றால் இரண்டும் அவன் சராசரியில் ஏறும். அவனும் எங்கள் பையன்தான், முதலாண்டு மாணவன். ஓர் ஏட்டில் குறைக்கிற பாவம் காற்றில் கரைந்துபோவதில்லை. பக்கத்து ஏட்டில் போய் உட்காருகிறது. மாற்ற மறுத்துவிட்டேன்.

அப்படியானால் கருணைக்கு எங்கே இடம்? அன்றிரவு எழுதிய செய்தியில் அந்த எரரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை; ஏழாவது இன்னிங்ஸில் அந்த ஷார்ட்ஸ்டாப் பையன் பாய்ந்து பிடித்த பந்தைப் பற்றி எழுதினேன். எதைப் பாராட்டுவது என்பது என் கையில் இருக்கிறது. முழு ஸ்கோரும் செய்திக்கு அடியிலேயே இருந்தது, யாரும் பார்க்கலாம்.

சித்திரகுப்தன் எழுதுகிறவர். தீர்ப்பு எமனுடையது, அருள் இறைவனுடையது. எழுதுகிறவரே அழித்துவிட்டால் மன்னிக்க என்ன மிஞ்சும்? கணக்கு சரியாக இருந்தால்தான் மன்னிப்புக்கே பொருள். பாட்டியின் வேண்டுதலும் இப்போதுதான் முழுதாக விளங்குகிறது. குறைத்து எழுதச் சொல்வதற்கு முன்பே, தன் பாவம் மலையளவு என்று அவள் வாய்விட்டு ஒப்புக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் பையன் என் அறைக்கு வந்து வீடியோவைப் போடச் சொன்னான். மூன்று முறை பார்த்தான். “நான் எடுத்திருக்கவேண்டிய பந்துதான்” என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனான்.

அந்த எரர் இன்றும் அந்த ஆண்டின் ஏட்டில் இருக்கிறது. அவன் அடித்த ஹிட்களும் அதே ஏட்டில்தான் இருக்கின்றன. முதலாவதை அழிக்காததால்தான் இரண்டாவதை ஊர் நம்புகிறது.