அயர்லாந்தின் மனச்சான்றும் ஐரோப்பாவின் சட்டமும்

ஒரு நாட்டு மக்கள் தங்களுக்கு மேலே இன்னொரு சட்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் தங்களைத் தாங்களே ஆள்கிறார்களா என்பது அரசியல் மெய்யியலின் பழைய கேள்வி. தாமே இயற்றிய சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் விடுதலை என்றார் ரூசோ. மீறவே முடியாத சட்டம் எதையும் இறையாண்மை கொண்ட மக்கள் தம்மீது சுமத்திக்கொள்ள முடியாது என்றும் 1762-இல் எழுதினார். சுதந்திர நாடுகள் மனமுவந்து அமைக்கும் கூட்டமைப்புதான் நிலையான அமைதிக்கு வழி என்று 1795-இல் வாதிட்டார் காண்ட். இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது ஐரோப்பிய ஒன்றியம். அதன் உறுப்பு நாடுகளில், இந்தக் கேள்வி சமயத்தோடு பின்னிப்பிணைந்து எழுந்த இடம் அயர்லாந்து.

1937-இல் இயற்றப்பட்ட ஐரிஷ் அரசியலமைப்பு தூய மூவொரு இறைவனின் பெயரால் தொடங்குகிறது. ஆட்சி அதிகாரம் முழுவதும் கடவுளுக்குக் கீழ் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பிடம் தந்தது 44-ஆம் பிரிவு. தாய்மார்கள் பணமுடையால் வீட்டுக் கடமைகளை விட்டு வேலைக்குப் போகும் நிலை வராமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது 41-ஆம் பிரிவு. எழுத்தில் இது முழு இறையாண்மை. நடப்பு வேறாக இருந்தது. 1979 வரை ஐரிஷ் பவுண்டு பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்ததால் வட்டி விகிதத்தை லண்டன்தான் தீர்மானித்தது. ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்கே போயிற்று. 1951-இல் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டத்தைச் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் கொண்டுவந்தபோது ஆயர்கள் எதிர்த்தார்கள், மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. சக அமைச்சர்கள் கைவிட, பிரவுன் பதவி விலகி, நடந்த கடிதப் போக்குவரத்தைச் செய்தித்தாளில் வெளியிட்டார். ஐரோப்பாவோடு சேர்ந்ததால் எவ்வளவு இறையாண்மை கைவிட்டுப் போயிற்று என்று கேட்பவர்கள், சேர்வதற்கு முன் கையில் எவ்வளவு இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

1961-இலேயே அயர்லாந்து விண்ணப்பித்தது. பிரிட்டனின் நுழைவைப் பிரான்ஸின் அதிபர் டி கோல் மறுத்ததால், பிரிட்டனோடு கட்டுண்டிருந்த அயர்லாந்தும் காத்திருக்க நேர்ந்தது. 1972 மே 10-ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 83 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். 1973 ஜனவரி 1 அன்று நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. அதற்காகச் சேர்க்கப்பட்ட மூன்றாவது திருத்தம் சிறியதுதான், ஆனால் ஆழமாக வெட்டியது. உறுப்பினர் என்ற கடமைக்காக அரசு செய்யும் எதையும் அரசியலமைப்பைக் காட்டிச் செல்லாததாக்க முடியாது என்று அது சொன்னது. கடவுளுக்கும் மக்களுக்கும் இடையே வேறு யாரும் இல்லாத ஓர் ஆவணத்தில் மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார். அவரை அழைத்ததும் மக்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

முதல் மாற்றம் சம்பளப் பட்டியலில் தெரிந்தது. அன்று அரசுப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும். பெண்கள் இயக்கமும் 1972 டிசம்பரில் அளிக்கப்பட்ட பெண்கள் நிலை ஆணையத்தின் அறிக்கையும் இதை எதிர்த்தன. 1973-இல் அந்த விதி நீக்கப்பட்டது. இதில் பெரும்பங்கு உள்நாட்டுப் போராட்டத்துக்கே உரியது. சம ஊதியத்தில் கதை வேறு. சம வேலைக்குச் சம ஊதியம் தரச் சொல்லி ஐரோப்பியச் சமூகம் 1975-இல் ஆணை பிறப்பித்தது. நாட்டின் நிதிநிலை மோசம், தள்ளிப்போட விடுங்கள் என்று 1976-இல் டப்ளின் அரசு விலக்குக் கேட்டது. பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஆணையத்தின் சமூக விவகாரத் துறைக்கு ஆணையராக இருந்தவர் பாட்ரிக் ஹில்லரி. அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்து, நாட்டை ஐரோப்பாவுக்குள் கொண்டுசேர்த்த பேச்சுவார்த்தையை நடத்தியவர் அவர். விலக்குக் கிடையாது என்பதுதான் அங்கிருந்து வந்த பதில். தன் நாட்டு அரசுக்கே ஓர் ஐரிஷ்காரர் இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அதனால் பயன்பெற்றவர்கள் ஐரிஷ் பெண்கள். இறையாண்மை பறிபோயிற்று என்று இங்கே யார் அழ முடியும்? அரசுக்குக் குறைந்த அதிகாரம் குடிமக்களில் பாதிப் பேருக்கு உரிமையாகக் கிடைத்தது.

எனினும் அரசு வேறு, மக்கள் வேறு என்ற இந்த வேறுபாடு எப்போதும் ஐரோப்பாவுக்குச் சாதகமாகவே அமைந்துவிடவில்லை. உறுப்பு நாடுகளின் வெளியுறவுக் கொள்கையை ஒருங்கிணைக்கும் பகுதியும் அடங்கிய ஒற்றை ஐரோப்பியச் சட்டம் என்ற ஒப்பந்தத்தை மக்களைக் கேட்காமலே ஏற்க டப்ளின் அரசு முயன்றது. ரேமண்ட் கிராட்டி என்ற பொருளியலறிஞர் வழக்குத் தொடுத்தார். 1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெளியுறவு அதிகாரம் அமைச்சரவையின் சொத்தல்ல. மக்கள் ஒப்படைத்ததை அமைச்சரவை தானாக இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஜனவரியில் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டத்துக்காக மொத்தம் 12 நாடுகளும் ஜூலை வரை காத்திருந்தன. பெரிய ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் மக்களிடம் கொண்டுபோகும் வழக்கம் அயர்லாந்தில் அதன்பின் வேரூன்றியது. ஐரோப்பிய இணைப்பு இல்லாதிருந்தால் ஐரிஷ் மக்களாட்சிக்கு இந்தப் பழக்கம் வந்திருக்காது.

கருக்கலைப்பு விவகாரத்தில்தான் மனச்சான்றும் சந்தையும் நேருக்கு நேர் மோதின. 1983-இல் எட்டாவது திருத்தம் கருவின் உயிருரிமையைத் தாயின் உயிருரிமைக்குச் சமமாக அரசியலமைப்பில் பதித்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை ஆதரித்தனர். பிரிட்டனில் உள்ள மருத்துவமனைகளின் முகவரிகளை மாணவர் சங்கங்கள் கையேடுகளில் அச்சிட்டுக் கொடுத்தன. அதைத் தடுக்கத் தொடரப்பட்ட வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1991 அக்டோபரில் வந்த தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டப்படி செய்யப்படும் இடத்தில் கருக்கலைப்பும் ஒரு சேவைதான் என்றது நீதிமன்றம். அது அறநெறிக்கு முரணானது என்ற வாதத்துக்கு, அதை அனுமதித்த நாட்டின் சட்டமன்றத்தின் மதிப்பீட்டுக்கு மாற்றாகத் தன் மதிப்பீட்டை வைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று பதில் சொன்னது. ஆனால் அந்த மாணவர்கள் பணத்துக்காகவோ மருத்துவமனைகளின் சார்பிலோ அதைச் செய்யவில்லை. ஆகவே ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. விளம்பரத்துக்காக அச்சிட்டிருந்தால் வாதத்துக்காவது இடமிருந்திருக்கும். மனச்சான்றின்படி அச்சிட்டதால் இல்லாமல் போயிற்று. உயிர் எப்போது தொடங்குகிறது, ஒரு பெண்ணின் உடல்மீது யாருக்கு உரிமை என்ற கேள்விகளை நாடுகளுக்கிடையேயான சேவை வணிகம் என்ற அளவுகோலால் அளக்க நேர்ந்ததில், கருக்கலைப்பை எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் ஒருசேரக் காயம் பட்டது. பொருளாதாரத்துக்காகக் கட்டிய சட்டம் அறத்தைத் தொடும்போது நேரும் குறை இது. தீர்ப்பெழுதிய நீதிபதிகளின் குறையல்ல, அவர்கள் கையில் இருந்த கருவியின் குறை.

டப்ளின் அரசு இந்த அபாயத்தை முன்பே உணர்ந்திருந்தது. அயர்லாந்துக்குள் எட்டாவது திருத்தத்தின் செயல்பாட்டை ஐரோப்பியச் சட்டம் எதுவும் பாதிக்காது என்ற தனி நெறிமுறையை, ஐரோப்பிய ஒன்றியத்தை நிறுவ 1992 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு இணைக்கச் செய்தது. அதே மாதத்தில், வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போவதை உயர் நீதிமன்றம் தடுத்தது. மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. சிறுமி தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் தாயின் உயிருக்கான அபாயமே என்று எட்டாவது திருத்தத்தின் சொற்களைக் கொண்டே அது முடிவு செய்தது. அப்போதுதான் பலருக்கும் ஓர் உண்மை உறைத்தது: ஐரோப்பாவை விலக்கி வைக்க எழுதிய நெறிமுறை, எல்லை தாண்டிப் போக ஐரிஷ் பெண்களுக்கு ஐரோப்பா தந்த உரிமையையும் விலக்கிவிடக்கூடும். பயணத்தைத் தடுப்பது நோக்கமல்ல என்று மே மாதம் 12 நாடுகளும் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டன. நவம்பரில் பயணம் செய்யும் உரிமையையும் தகவல் பெறும் உரிமையையும் ஐரிஷ் மக்கள் தாங்களே வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில், கீழ்மட்ட அமைப்பு தானே செய்யக்கூடியதை மேல்மட்ட அமைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியும் இடம்பெற்றது. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக வகுத்த கோட்பாடு இது. அந்தச் சுற்றுமடலின் தாக்கத்தால்தான் 1937-இல் ஐரிஷ் மேலவை தொழில்வாரிக் குழுக்களின் அடிப்படையில் அமைக்கப்பட்டது. ஆக, பிரஸ்ஸல்ஸுக்குக் கடிவாளம் போடும் விதியும் அயர்லாந்தின் மேலவையும் ஒரே கத்தோலிக்கச் சிந்தனையிலிருந்து கிளைத்தவை. நாத்திக ஐரோப்பா ஒரு பக்கம், பக்தியுள்ள அயர்லாந்து மறுபக்கம் என்ற சித்திரம் இதனால் உடைகிறது. ரோமில் இருந்த அதிகாரமும் நாடு கடந்ததுதான். அயர்லாந்துக்கு அது புதிதல்ல.

பின்னர் வந்த ஐரோப்பிய ஒப்பந்தங்களில் நைஸ் ஒப்பந்தத்தை 2001-இலும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-இலும் மக்கள் நிராகரித்தார்கள். இரண்டு முறையும் அடுத்த ஆண்டே மீண்டும் கேட்கப்பட்டு ஒப்புதல் பெறப்பட்டது. சரியான விடை வரும்வரை கேட்பது மக்களாட்சியா என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் மறுப்பு வீணாகவில்லை. ஐரோப்பாவின் பொதுப் பாதுகாப்பு ஏற்பாட்டில் நாடு சேரக் கூடாது என்ற தடை அரசியலமைப்பில் ஏறியது. ஐரோப்பியச் சட்ட முன்வரைவுகளை நாடாளுமன்றம் ஆராய 2002-இல் சட்டம் வந்தது. உயிருரிமை, குடும்பம், கல்வி, வரி, ராணுவ நடுநிலை ஆகியவற்றில் லிஸ்பன் ஒப்பந்தம் கைவைக்காது என்ற உறுதிமொழியும் கிடைத்தது.

2010-இல் நடந்ததற்கு இப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. வங்கிகளின் கடனுக்கு அரசே பொறுப்பு என்று 2008 செப்டம்பரில் உறுதி கொடுத்தது டப்ளினின் சொந்த முடிவு; அந்தப் பழியை ஐரோப்பாமீது போடக் கூடாது. ஆனால் 2010 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் ழான்-கிளோட் திரிஷே நிதியமைச்சர் பிரையன் லெனிஹனுக்கு எழுதிய கடிதம், உதவி கேட்டு விண்ணப்பிக்காவிட்டால் வங்கிகளுக்கான அவசரகாலப் பணம் தொடராது என்று தெரிவித்தது. இரண்டே நாளில் அரசு விண்ணப்பித்தது. 8,500 கோடி யூரோ திட்டம். அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தச் சேமிப்பு. மக்கள் 2011 பிப்ரவரித் தேர்தலில் ஆளும் ஃபியன்னா ஃபால் கட்சியை 166 இடங்களில் வெறும் 20-க்குத் தள்ளினார்கள். புதிய அரசும் பழைய திட்டத்தையே நிறைவேற்ற வேண்டியிருந்தது. மதிப்புக் கூட்டு வரியை 23 விழுக்காடாக உயர்த்தும் திட்டம், டப்ளின் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும் முன்பே ஜெர்மன் நாடாளுமன்றக் குழுவின் பார்வைக்குப் போயிருந்தது 2011 நவம்பரில் அம்பலமானது. ஆட்சியை மாற்றலாம், கொள்கையை மாற்ற முடியாது என்றால் வாக்குச்சீட்டின் மதிப்பு குறைந்துவிடுகிறது. மக்கள் வாக்களித்து ஏற்ற கட்டுப்பாடு தன்னாட்சியின் ஒரு வடிவம். தேர்ந்தெடுக்கப்படாத ஒரு வங்கி, வெளியே வராத கடிதத்தால் விதித்த கட்டுப்பாடு அப்படியல்ல. அந்தக் கடிதம் பொதுமக்கள் கண்ணில் பட்டது 2014 நவம்பரில்தான்.

பழைய ஐரிஷ் சமூகத்தை ஐரோப்பா கலைத்துவிட்டது என்று இரு தரப்பாரும் சொல்வதுண்டு. ஒரு தரப்பு நன்றியோடு, மறுதரப்பு வருத்தத்தோடு. இரண்டும் மிகை. ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து டேவிட் நாரிஸ் 1988-இல் வென்ற இடம் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பல்ல. மணவிலக்கு 1995-இல் 9,114 வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியதும், 2015-இல் தன்பால் திருமணம் 62 விழுக்காட்டு ஆதரவோடு ஏற்கப்பட்டதும், 2018-இல் எட்டாவது திருத்தம் நீக்கப்பட்டதும் எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தியதால் அல்ல. எட்டாவது திருத்தத்தைக் காக்க 1992-இல் எழுதிய நெறிமுறை இன்றும் ஐரோப்பிய ஒப்பந்தங்களில் 35-ஆம் எண்ணோடு இருக்கிறது. அது குறிப்பிடும் அரசியலமைப்புப் பிரிவில் மட்டும் இப்போது கருக்கலைப்பைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது.